யு.பி.எஸ்.ஸில் சேர்ந்துவிட்டேன்; எனக்குப் பிறகு மகனுக்கு பென்ஷன் வருமா?

தென் மாவட்டம் ஒன்றில் அஞ்சல் உதவியாளராக இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 53. 1998-ல் சொந்த ஊர்க் கிளை அஞ்சலகத்தில் ஜி.டி.எஸ். (கிராமிய அஞ்சல்) ஊழியராகச் சேர்ந்தவர். துறைத் தேர்வு எழுதி 2011 ஜூலையில் தபால்காரராக நிரந்தரமானார். அப்புறம் இன்னொரு தேர்வு, இப்போது கவுண்டர் வேலை. அடிப்படைச் சம்பளம் 38,100 ரூபாய். 2033 ஜூன் 30-ல் ஓய்வு. மனைவிக்கு 46 வயது, வேலைக்குப் போகவில்லை. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. மகனுக்கு 19. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. குளிப்பதிலிருந்து சாப்பிடுவது வரை அம்மா கைதான்.

2025 நவம்பர் 30 கெடு முடிவதற்கு முந்தைய வாரம், அலுவலகத்தில் இரண்டு பேர் போட்டதைப் பார்த்து இவரும் யு.பி.எஸ். எனும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தின் விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "பழைய பென்ஷனே வேறு பேரில் திரும்பி வந்துவிட்டது, எனக்குப் பிறகு மனைவி, அவளுக்குப் பிறகு மகன் என்று போகும்" என்ற நம்பிக்கையில். இப்போது சங்கத்துக்காரர் ஒருவர் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல, தூக்கம் போய்விட்டது. 1998 முதல் கணக்கிட்டால் 35 வருட சர்வீஸ் ஆகிறதே, முழுப் பென்ஷன் வராதா, பிரான் கணக்கில் (இதுவரை இருந்த என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கு) இருக்கும் 23 லட்சமும் கைக்கு வருமா, எட்டாவது ஊதியக் குழு வந்தால் சம்பளம் லட்சத்தைத் தாண்டும் என்கிறார்களே, 2031-ல் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிட்டு மனைவிக்கு ஒத்தாசையாக இருக்கலாமா என்று வரிசையாகக் கேட்கிறார். பழைய பென்ஷன் கேட்டு வழக்குப் போட ஆளுக்கு 3,000 ரூபாய் வசூலிக்கிறார்களாம், கொடுக்கலாமா என்றும் ஒரு கேள்வி. கடைசி வரி இது: "நான் தப்பு பண்ணிட்டேனா மேடம்? திரும்ப என்.பி.எஸ்.ஸுக்கே போயிடட்டுமா?"

சார், தப்புப் பண்ணவில்லை. ஆனால் நீங்கள் எதை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்களோ அது அந்தத் திட்டத்தில் இல்லை. அதனால் முடிவு தவறாகிவிடாது. நல்ல காலமாக, திரும்புவதற்கு ஒரு வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்குப் பல வருட அவகாசமும் இருக்கிறது. இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை வேறொன்று. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் கணக்கைச் சரிசெய்துவிட்டு அதற்கு வருகிறேன்.

35 வருடம் இல்லை, 22 வருடம்

ஜி.டி.எஸ். ஆக நீங்கள் உழைத்த 13 வருடம் பென்ஷன் கணக்கில் சேராது. இதில் எனக்கே வருத்தம் உண்டு. வெயிலில் சைக்கிள் மிதித்துப் பட்டுவாடா செய்தவர்களிடம் "நீங்கள் துறைக்கு வெளியே இருந்த ஊழியர்" என்று சொல்வது கேட்கவே நன்றாக இல்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது. சில தீர்ப்பாயங்களும் உயர் நீதிமன்றங்களும் ஊழியருக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தன. 2019 நவம்பரில் கண்டிபா பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த சர்வீஸைத் தகுதிப் பணிக்காலத்தோடு சேர்க்க விதியில் இடமில்லை என்று முடித்துவிட்டது.

வசூல் நடக்கும் வழக்கு எதை வைத்து என்று தெளிவாகக் கேளுங்கள். 2023 மார்ச் 3-ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2003 டிசம்பர் 22-க்கு முன்பே விளம்பரம் செய்யப்பட்ட பதவிகளுக்குத் தேர்வாகி, 2004-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் மட்டும் பழைய பென்ஷனுக்கு மாறலாம் என்றது. தேர்வும் நியமனமும் அரசின் தாமதத்தால் தள்ளிப்போனவர்களுக்கான சலுகை அது. நீங்கள் 2011 காலியிடத்துக்குத் தேர்வானவர், அந்த உத்தரவு உங்களைத் தொடாது. 3,000 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகக் கணக்கு 2011 ஜூலை முதல் 2033 ஜூன் வரை, 264 மாதம். யு.பி.எஸ்.ஸில் முழு 50 சதவீதத்துக்கு 300 மாதம் வேண்டும். ஓய்வுக்கு முந்தைய 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளம் கணக்குக்கு வசதியாக 50,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 25,000. உங்களுக்கு 300-க்கு 264 என்பதால் 22,000. இதன் மேல் அகவிலை நிவாரணம் தனியாக வரும், அவ்வப்போது உயரவும் செய்யும்.

இதோடு இரண்டு மொத்தத் தொகைகள் உண்டு. ஒவ்வொரு ஆறு மாத சர்வீஸுக்கும் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு யு.பி.எஸ்.ஸில் வரும். உங்களுக்கு 44 அரையாண்டு, அதாவது 4.4 மாதச் சம்பளம். கிராஜுவிட்டி இதில் சேராது. அது அரையாண்டுக்குக் கால் மாதச் சம்பளம், உங்களுக்கு 11 மாதம். டி.ஏ.வைச் சேர்க்காமலே முதலாவது 2,20,000, இரண்டாவது 5,50,000. இந்த இரண்டு தொகையையும் மனதில் வைத்திருங்கள், மகன் விஷயத்தில் மறுபடி வரும்.

அந்த 23 லட்சம்

பழைய பென்ஷனில் ஊழியர் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை, கருவூலம்தான் கொடுத்தது. 2004 ஜனவரி 1 முதல் வந்த என்.பி.எஸ்.ஸில் நீங்கள் 10 சதவீதம், அரசும் முதலில் 10 சதவீதம், 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம் போட்டது. சேர்ந்தது முழுவதும் உங்கள் பணம், சந்தை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் பாடு. இரண்டிலும் அதிருப்தி வந்த பிறகு, 2023-ல் டி.வி. சோமநாதன் தலைமையில் அமைந்த குழுவை அடுத்து, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததுதான் யு.பி.எஸ். மாதத் தொகைக்கு அரசு உத்தரவாதம் தருகிறது. பதிலுக்கு உங்கள் கணக்கில் சேர்ந்த பணத்தைத் தன் பொது நிதியில் சேர்த்துக்கொள்கிறது. 23 லட்சமும் மாதாமாதம் 22,000-மும் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

நடுவில் ஒரு ஏற்பாடு உண்டு. ஓய்வின்போது அந்தக் கணக்கிலிருந்து 60 சதவீதம் வரை எடுக்கலாம், எடுத்த விகிதத்துக்கு மாதத் தொகை குறையும். கால் பங்கு எடுத்தால் 22,000 என்பது 16,500 ஆகிவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2022-ல் மகனுடைய அறுவை சிகிச்சைக்கு என்.பி.எஸ்.ஸிலிருந்து ஒன்றரை லட்சம் எடுத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இது முக்கியம். யு.பி.எஸ்.ஸில் உங்கள் கணக்கில் உண்மையில் இருக்கும் தொகையை, நடுவில் எதுவும் எடுக்காமல் டிஃபால்ட் முதலீட்டில் (நீங்களாக எதையும் மாற்றாத வழக்கமான முறையில்) விட்டிருந்தால் இருந்திருக்க வேண்டிய தொகையோடு ஒப்பிடுவார்கள். அதற்கு பெஞ்ச்மார்க் கார்ப்பஸ் என்று பெயர். உங்களுடையது அதைவிடக் குறைந்தால் மாத பென்ஷனும் அதே விகிதத்தில் குறையும். பற்றாக்குறையை நீங்களே கட்டி நிரப்பலாம். ஓய்வுக்குள் நிரப்பிவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் குறைவு உங்களோடு நிற்காது, உங்கள் மனைவிக்கு வரும் தொகையிலும் தொடரும்.

மகனுக்கு வருமா?

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு காலமானால், நீங்கள் வாங்கிக்கொண்டிருந்த தொகையில் 60 சதவீதம் மனைவிக்குப் போகும். மேலே சொன்ன கணக்கில் 13,200, அதன் மேல் அகவிலை நிவாரணம். மனைவிக்குப் பிறகு? யாருக்கும் இல்லை. யு.பி.எஸ். குடும்பத் தொகை, ஓய்வு பெறும் நாளில் சட்டப்படி மனைவியாகவோ கணவராகவோ இருப்பவருக்கு மட்டும்தான். பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உட்பட, அதில் வரமாட்டார்கள். உங்கள் சங்கத்துக்காரர் சொன்னது சரி. பழைய விதிகளில் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ரெடிமேட் சட்டை மாதிரி யு.பி.எஸ். எல்லாருக்கும் ஒரே அளவாகத் தைக்கப்பட்டது, உங்கள் வீட்டு நிலைமைக்கு அதில் மடிப்பு விடவில்லை.

ஆனால் இது ஓய்வுக்குப் பிறகான கதை. வேலையில் இருக்கும்போதே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் விதி வேறு. என்.பி.எஸ். ஆனாலும் யு.பி.எஸ். ஆனாலும், பணியில் இறந்தாலோ உடல்நலம் கெட்டு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டாலோ பழைய பென்ஷன் விதிகளின் பலன் வேண்டும் என்று ஊழியர் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கலாம். இதைத்தான் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை என்றேன். அப்படிக் கொடுத்திருந்தால், இன்றைய சம்பளத்துக்கு மனைவிக்கு முதல் 10 வருடம் மாதம் 19,050, அப்புறம் 11,430, இரண்டுக்கும் அகவிலை நிவாரணம் உண்டு. அவருக்குப் பின் மகனுக்கு ஆயுள் முழுக்க. அரசு போட்ட பங்களிப்பு அரசுக்குத் திரும்பும், உங்கள் பங்கும் அதன் வருமானமும் வாரிசுதாரருக்குக் கிடைக்கும்.

நாளைக்கே நிர்வாகப் பிரிவில் சர்வீஸ் புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய விதிகளின் பலன் வேண்டும் என்ற அந்த விருப்பப் படிவம் ஒட்டப்பட்டு, அலுவலகத் தலைவர் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா? நவம்பரில் போட்ட கட்டுக் காகிதங்களில் அதுவும் இருந்திருக்கலாம், எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது. இல்லையென்றாலோ வேறு கட்டத்தில் டிக் இருந்தாலோ புதிதாகக் கொடுங்கள், ஒப்புகை வாங்கி நகலை வீட்டில் வையுங்கள். கூடவே குடும்ப விவரப் படிவத்தில் மகன் பெயருக்கு எதிரே மாற்றுத்திறனாளி என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மகள் கல்யாணத்துக்குப் பிறகு பலர் அந்தப் படிவத்தைத் தொடுவதே இல்லை.

மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் உங்கள் காலத்திலேயே வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். குடும்ப ஓய்வூதியத்துக்கு மகனுக்கென வருமான வரம்பும் உண்டு. அவன் பெயரில் பெரிய டெபாசிட் போடுவதற்கு முன் அதன் வட்டி அந்த வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போகலாமா?

யு.பி.எஸ்.ஸிலிருந்து என்.பி.எஸ்.ஸுக்கு ஒரே ஒரு முறை மாறலாம், மாறினால் திரும்ப வர முடியாது. ஓய்வுக்கு ஒரு வருடத்துக்கு முன்பாக, உங்களுக்கு 2032 ஜூன் 30-க்குள், முடிவெடுத்தால் போதும். ஒழுங்கு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால் இந்த வசதி கிடையாது. யு.பி.எஸ்.ஸில் இருக்கும் காலத்தில் உங்கள் கணக்குக்கு அரசு போடுவது 10 சதவீதம்தான், என்.பி.எஸ்.ஸில் 14. மாறினால் இந்த 4 சதவீத வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இப்போதே ஓட வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 8 சதவீத வளர்ச்சி என்று நானாக வைத்துக்கொண்டால் 2033-ல் உங்கள் கணக்கு 50 லட்சத்தைத் தொடக்கூடும். சந்தை கைவிட்டால் தொடாது. என்.பி.எஸ்.ஸில் அதில் 30 லட்சம் கைக்கு வரும், 20 லட்சத்துக்கு ஆன்யுட்டி (காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் தரும் ஓய்வூதியம்) வாங்க வேண்டும். 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 10,000. அகவிலை நிவாரணம் கிடையாது, 2050-லும் அதே 10,000தான். ஆனால் மூலதனத்தைத் திருப்பித் தரும் வகையை எடுத்தால், நீங்களும் மனைவியும் போன பிறகு அந்த 20 லட்சம் பிள்ளைகளுக்கு வரும். யு.பி.எஸ்.ஸில் 22,000-மும் ஏறிக்கொண்டே போகும் நிவாரணமும், ஆனால் மனைவியோடு கதை முடிந்துவிடும்.

மனைவி உங்களைவிட ஏழு வயது இளையவர். அவர் 80-ஐத் தாண்டினால், விலைவாசியோடு ஏறும் யு.பி.எஸ். தொகைதான் வீட்டைத் தாங்கும், மகனும் அந்த வீட்டில்தான் இருக்கப் போகிறான். மனைவியின் உடல்நிலை 2032-ல் மோசமாக இருந்தால் கணக்கு தலைகீழ், அப்போது என்.பி.எஸ்.ஸின் மொத்தப் பணம்தான் மகனுக்குப் பாதுகாப்பு. இன்றைய நிலையில் என் யோசனை: யு.பி.எஸ்.ஸிலேயே இருங்கள், கிராஜுவிட்டியையும் மொத்தத் தொகையையும் தொடாமல் மகனுக்கென ஒதுக்குங்கள். 2032 ஜனவரியில் ஒரு முறை உட்கார்ந்து மறுபடி கணக்குப் போடுங்கள். நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள், ஜூன் மாதம் வரை இழுக்காதீர்கள்.

வி.ஆர்.எஸ்., ஊதியக் குழு

2031 ஜூலையில் 20 வருடம் முடிந்து வி.ஆர்.எஸ். கொடுக்கலாம். ஆனால் 300-க்கு 240 மாதக் கணக்கில்தான் தொகை வரும், அதுவும் நீங்கள் இயல்பாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய 2033 ஜூனுக்குப் பிறகுதான் தொடங்கும். இரண்டு வருடம் சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. அதைவிட முக்கியம், வேலையை விட்ட நாளோடு, பணியில் இறந்தால் மகனுக்குக் கிடைக்கும் அந்தப் பழைய விதிப் பாதுகாப்பும் போய்விடும். மனைவிக்கு ஒத்தாசை வேண்டுமென்றால் ஓர் ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது உங்களுக்கு மலிவு.

எட்டாவது ஊதியக் குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்திருக்கிறது. அறிக்கை தர 18 மாத அவகாசம். பழைய சம்பளத்தைப் பெருக்க வேண்டிய எண் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 2.86 என்பது யாரோ போட்ட கணக்கு. 38,100-ஐ அதால் பெருக்கினால் லட்சத்தைத் தாண்டத்தான் செய்யும். போன முறை என்ன நடந்தது? ஏழாவது குழுவின் 2.57-ல் 2.25 ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த சம்பளமும் 125 சதவீத டி.ஏ.வும்தான். நிஜமான ஏற்றம் சுமார் 14 சதவீதம். இந்த முறையும் டி.ஏ. உள்ளே கலந்துதான் எண் வரும். அந்த லட்சத்தை நம்பி வீட்டுக் கடன் எதுவும் வாங்கிவிடாதீர்கள். அறிக்கை அமலான பின் உங்கள் அடிப்படைச் சம்பளம் மாறும், யு.பி.எஸ். தொகையும் அதோடு மாறும். 2032 வரை காத்திருக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, பென்ஷனோடு நேரடியாகச் சேராத ஆனால் தள்ளிப்போடக் கூடாத ஒன்று. மகனுக்கு 18 முடிந்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர், நீங்கள் அப்பா என்பதாலேயே அவன் சார்பில் வங்கியில் கையெழுத்துப் போட முடியாது. மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். உங்களையும் மனைவியையும் முதலில் காப்பாளராகப் போடுங்கள். உங்களுக்குப் பிறகு யார் என்பதை மகளிடமும் மருமகனிடமும் உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் வாயால் சம்மதம் வந்த பிறகு உயில் எழுதலாம். உயிலில் மகனுக்கென ஒதுக்கும் பணத்தை நேரடியாக அவன் பெயருக்கு எழுதாமல், அவன் நலனுக்காக ஓர் அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்து அதில் சேர்ப்பது நல்லது. பத்திரத்தின் வரைவைக் கையெழுத்துக்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் யாரிடமாவது ஒரு முறை காட்டிவிடுங்கள்.